முதல் கோடையைத் தாண்டுவது எது? தேக்கு, மகாகனி, செம்மரம், வேம்பு

மரக்கன்று நடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் பதினைந்தாவது ஆண்டு வருமானம்தான் முதலில் வருகிறது. மதுரை வட்டாரத்தில் கணக்குத் தீர்வது முதல் ஆண்டிலேயே. ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஐப்பசியில் நட்ட கன்று மார்கழி வரை செழிப்பாக நிற்கும். தையிலிருந்து மண் காயும். கோடை மழையும் ஏமாற்றினால், ஆனி ஆடிக் காற்று மிச்ச ஈரத்தையும் துடைத்துவிடும். இந்த ஆறேழு மாதத்தை எந்தக் கன்று தாண்டும்? பலகையின் விலையைப் பிறகு பேசலாம்.

வறட்சியில் கன்று சாகும் வழி இரண்டு. இலைத்துளைகளை மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிப்பும் நின்றுபோகும். வேரில் சேமிப்பில்லாத கன்று பட்டினியில் போய்விடும். மூடாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் தண்டின் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழ் புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் தண்ணீர் மேலே ஏறாது.

தேக்கின் அகன்ற இலை நீரை வாரியிறைக்கும். ஆனால் தாங்காத நிலை வந்தால் இலையைக் கழித்துவிடும். மேல்தண்டு கருகினாலும் ஆணிவேரில் மாவுச்சத்து இருக்கும் வரை அடுத்த மழைக்கு வேர்க்கழுத்திலிருந்து துளிர்க்கும். தண்டையும் பக்க வேர்களையும் நறுக்கிவிட்டு, விரல் தடிமன் நாற்றுக்குச்சியாக நடும் வழக்கம் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. காட்டில் பல ஆண்டுகள் கருகிக் கருகித் துளிர்த்து, வேர் வலுத்தபின் நிமிரும் தேக்குகள் உண்டு. காட்டுக்கு அவசரமில்லை, கடன் வாங்கி நட்டவருக்கு உண்டு. ஒவ்வொரு கருகலும் ஓராண்டு வளர்ச்சியைத் தின்றுவிடும், மறுபடி கிளம்பும்போது இரண்டு மூன்று தண்டாகக் கிளம்பும். எனவே தேக்கு பிழைக்கும் என்று சொல்வேன். பலகை தரும் என்று மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்காரரிடம் சொல்லமாட்டேன். கிணறு வற்றாத செவல் (செம்மண்) நிலம் என்றால் பேச்சு வேறு. ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது என்பது கூடுதல் நிம்மதி.

மகாகனியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாற்றுப்பண்ணைகளில் அதிகம் விற்கப்படுவது அகன்ற இலை வகை. மத்திய, தென் அமெரிக்காவின் மழைக்காடுகளில் வளர்வது. சொட்டுநீர் இல்லாமல் உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் அதை நடுவது வீண் செலவு. சோழவந்தான், வாடிப்பட்டி போன்ற பெரியாறு பாசனப் பகுதியின் தோட்டங்களில் நடலாம், அங்கும் குருத்துத் துளைப்பான் புழுவைக் கவனிக்க வேண்டும்.

செம்மரத்தின் பிறப்பிடம் கடப்பை, சித்தூர் பக்கத்துக் காய்ந்த மலைகள். சரளையும் பாறையும் அதற்குப் பழகிய நிலம். முதல் ஆண்டில் மேலே பெரிதாக எதுவும் தெரியாது, வேரைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். பொறுமையற்றவர்கள் இதைப் பார்த்து ‘கன்று சரியில்லை’ என்கிறார்கள். என் கணக்கில் அதுதான் சரியான கன்று. அதன் எதிரி தேங்கும் நீர். கார்த்திகையில் அடியில் நீர் நின்றால் வேர் அழுகும். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை நடும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேம்பை மர வியாபாரிகள் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. கட்டிலும் நிலையும் செய்து பழகிய ஊரில் அது வேடிக்கைதான். 400 மில்லிமீட்டர் மழையிலும் உயிர் பிடிக்கும் மரம் இது. அதைவிட முக்கியமானது, நாற்றே வாங்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தின் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கும். அதனால் சதை நீக்கி உடனே நேரடியாக ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசி இடிமழையில் முளைத்தது ஐப்பசிக்குள் ஆணிவேரை நேராக இறக்கியிருக்கும். பாலித்தீன் பைக்குள் வேர் சுருண்ட கன்றால் அதனோடு போட்டி போட முடியாது. ஆடுகள் மேயாமல் முள் அடைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

மற்ற மூன்றையும் வாங்கத்தான் வேண்டும். அங்கே உயரமான கன்றைக் கை தேடும், விட்டுவிடுங்கள். நிழலிலும் யூரியாவிலும் நெடுநெடுவென்று வளர்ந்ததற்கு இலை அதிகம், வேர் குறைவு. தடித்த குட்டைத் தண்டு, கடைசி சில வாரம் வெயிலில் வைத்துத் தண்ணீர் குறைக்கப்பட்ட கன்று, இதைக் கேளுங்கள். நட்ட பின் தினம் ஒரு செம்பு தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்து, அடியில் காய்ந்த இலை தழையால் மூடாக்கு போட்டு, சுற்றியுள்ள அருகையும் கோரையையும் செதுக்குவது மேல்.

உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிச் செவலுக்கு வேம்பு, அடுத்து செம்மரம். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் நான்கில் மூன்றை மறந்துவிடலாம். மழையில் நீர் கோத்து, வெயிலில் வெடித்து வேரை அறுக்கும் மண் அது. அங்கே வேம்பை மட்டும், அதுவும் வரப்பு மேட்டில் ஊன்றுங்கள்.