நியூயார்க் தீயணைப்பு: தொண்டர் படையா, சம்பளப் படையா?

1865 வரை நியூயார்க்கில் தீயை அணைத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மணி அடித்ததும் கைத்தொழிலை அப்படியே போட்டுவிட்டு, பம்பு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 1835 டிசம்பர் பெருந்தீயின்போது ஆறே உறைந்துகிடந்தது. குழாய்க்குள் நீர் பனிக்கட்டியானபோதும் அவர்கள் விலகவில்லை. அந்தத் துணிவுக்கு என் வணக்கம். ஆனால் தெருவோரத் தண்ணீர்க் குழாயை யார் முதலில் பிடிப்பது என்று குழுக்கள் தெருவிலேயே அடித்துக்கொண்டதும் உண்டு. அரசியல் செல்வாக்கும் அங்கேதான் வளர்ந்தது. ஊழலுக்குப் பேர்போன நியூயார்க் அரசியல்வாதி வில்லியம் ட்வீட், ஒரு பம்புக் குழுவின் தலைவராக இருந்தவர்.

1865இல் வந்த சம்பளப் படையில் ஆட்கள் குறைவு. நீராவி பம்பு, அதை இழுக்கக் குதிரைகள், நிலையத்திலேயே காத்திருக்கும் வீரர்கள், ஒரே தலைமை. எரியும் வீட்டுக்குள் சிக்கியவருக்கு இதுவே மேல் என்பேன்.