நாலு சதவீதத் தள்ளுபடிக்கு இவ்வளவு வேலையா? ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் பில்லிங் பற்றி ஒரு ரிவ்யூ

ப்ளே ஸ்டோரில் எந்த ஆப்புக்கு வேண்டுமானாலும் ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி திட்டிவிட்டுப் போகலாம், ஆனால் அந்த ஸ்டோருக்கே ஸ்டார் போட அங்கே இடம் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கூகுள், ஆப்பிள் இரண்டையும் சேர்த்துத்தான். நான் பார்க்கப்போவது கல்லாப்பெட்டியை மட்டும், அதுவும் தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ ஆப் செய்கிறவர்களின் பக்கம் நின்று.

தெரியாதவர்களுக்காகப் பொது விதியை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆப்புக்குள் சந்தா, பிரீமியம், விளம்பரம் நீக்கம் என்று எதை விற்றாலும் பணம் கூகுள் பில்லிங் வழியாகவோ ஆப்பிளின் இன்-ஆப் பர்ச்சேஸ் வழியாகவோதான் வரவேண்டும், அதில் அவர்கள் கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் சரக்குக்கு மட்டும்தான் இந்த விதி. பிரியாணிக்கும் டாக்ஸிக்கும் புடவைக்கும் கிடையாது, அதனால் ஸ்விக்கி ஆர்டரில் கூகுளுக்குப் பங்கு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்து ஆப்பில் விற்கிற வாத்தியாரிடம் உண்டு. இந்தக் கோடு ஏன் இங்கே விழுந்தது என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்த உழைப்புக்குக் கூலி என்றால் அந்த உழைப்பு ஸ்விக்கிக்கும் நடந்ததுதானே.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், நிறையவே இருக்கிறது. கணக்கு திறக்க கூகுளில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். பேங்க் விவரம், அமெரிக்க வரிப் படிவம் எல்லாம் ஏற்றி முடித்துவிட்டால், ஆப்பிளில் 175 நாடுகள், பிராந்தியங்களில் அந்தந்த ஊர்க் காசில் விலை போட்டு விற்கலாம். ஜெர்மனியில் ஒருவர் உங்கள் ஆப்பை வாங்கினால் அந்த ஊர் வாட் வரியைப் பிடித்துக் கட்டுவது அவர்கள் பாடு. இதைச் சொந்தமாகச் செய்ய முயன்றவர்களுக்குத்தான் அருமை தெரியும், ஒவ்வொரு நாட்டின் வரிப் பதிவையும் பார்த்தாலே தலை சுற்றும். வாங்குகிறவருக்கும் சுலபம், விரலை வைத்தால் முடிந்தது, கார்டு நம்பர் கேட்டு யாரும் பாதியில் ஓடிப்போவதில்லை. கூகுள் போன மாதப் பணத்தை இந்த மாதம் 15-ஆம் தேதி வாக்கில் அனுப்பிவிடும். ஆப்பிள் கொஞ்சம் மெதுவு, மாதம் முடிந்து 45 நாளுக்குள் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்டார் கேட்டால் தயங்காமல் நாலு கொடுப்பேன்.

அடுத்தது கமிஷன். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்த அன்றிலிருந்து 30 சதவீதம். ஒரு வருஷம் தாண்டிய சந்தாவுக்கு 2016-ல் குறைத்ததைத் தவிர அதை யாரும் அசைக்க முடியவில்லை, 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டை வைத்திருக்கும் எபிக் வேண்டுமென்றே விதியை மீறி, ஸ்டோரிலிருந்து தூக்கப்பட்டு, அதே நாளில் வழக்குப் போடும் வரைக்கும். அந்த நவம்பரிலேயே ஆப்பிள் சின்ன டெவலப்பர்களுக்கு 15 சதவீதம் என்று அறிவித்தது, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. கூகுள் 2021 ஜூலையில் பின்னாலேயே வந்தது. நாம் இன்று 15 கட்டுகிறோம் என்றால் அதில் எபிக் போட்ட சண்டைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன், அந்தக் கம்பெனி ஒன்றும் ஏழை இல்லை என்றாலும்.

இரண்டு 15-ம் ஒன்று இல்லை, இது பலருக்குத் தெரிவதில்லை. கூகுளில் வருஷத்தின் முதல் 10 லட்சம் டாலருக்கு யாராக இருந்தாலும் 15, அதற்கு மேல் வருவதற்கு மட்டும் 30. வருமான வரி ஸ்லாப் போல. ஆப்பிளில் 10 லட்சத்தைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து அந்த வருஷத்தின் மிச்ச விற்பனைக்கு 30, அதோடு அடுத்த வருஷம் முதல் டாலரிலிருந்தே 30. அந்த அடுத்த வருஷம் வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டாலும் அப்படித்தான், மறுபடி 15-க்கு இறங்க அதற்கும் அடுத்த வருஷம் வரவேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு வருஷம் எதிர்பாராமல் ஒரு கேம் ஓடிவிட்ட மூன்று பேர் கூட்டணிக்கு இது நிஜமான அடி. சந்தா விற்பவர்களுக்கு கூகுள் 2022-லிருந்து முதல் நாளே 15, ஆப்பிளின் சாதாரண விகிதத்தில் முதல் வருஷம் 30, அதற்கு அப்புறம்தான் 15. கமிஷன் பகுதியில் கூகுளுக்கு மூன்று, ஆப்பிளுக்கு இரண்டரை.

இனி இந்தியாவில் நமக்குக் கொடுத்திருக்கிற 'சாய்ஸ்' பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் கூகுள் பக்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ப்ளே பில்லிங் விதிகளுக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. இந்த இழுபறியில் வந்ததுதான் யூசர் சாய்ஸ் பில்லிங். கூகுள் பில்லிங்குக்குப் பக்கத்தில் உங்கள் சொந்த கேட்வேயையும் (கார்டு, யுபிஐ பணத்தை வாங்கித் தரும் சேவை) காட்டலாம், வாங்குகிறவர் உங்களுடையதைத் தொட்டால் கூகுள் தன் கமிஷனில் 4 குறைத்துக்கொள்ளும். 15 கட்டுகிறவருக்கு 11, 30 கட்டுகிறவருக்கு 26.

வரியை ஓரமாக வைத்துவிட்டு 100 ரூபாய் விற்பனையை எடுத்துக்கொள்வோம். கூகுள் பில்லிங்கில் 15 போய் 85 கையில் நிற்கும். சொந்த கேட்வேயில் கூகுளுக்கு 11, கார்டு என்றால் கேட்வேக்காரருக்குச் சுமார் 2, அந்த 2-க்கு ஜிஎஸ்டி 36 பைசா. கையில் நிற்பது 86 ரூபாய் 64 பைசா. லாபம் ஒன்றரை ரூபாய்ச் சொச்சம். யுபிஐ மட்டும் என்றால் எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது, கேட்வே தன் பங்குக்கு எதையாவது போடாமல் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சும். இதற்கு நீங்கள் செய்யவேண்டிய வேலை: கூகுள் சொல்கிற வடிவத்தில் தேர்வுத் திரையைக் காட்டவேண்டும், கூகுளின் சிஸ்டத்தோடு பேச தனி ஏபிஐ இணைக்கவேண்டும், வெளியே நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையையும் 24 மணி நேரத்துக்குள் கூகுளுக்குச் சொல்லவேண்டும், அவர்கள் அனுப்பும் பில்லைக் கட்டவேண்டும், ரீஃபண்ட், கார்டு தகராறு, பணம் போச்சு ஆனால் பிரீமியம் வரவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு வரும் மெயில் எல்லாம் உங்கள் தலையில். பெரிய கம்பெனிக்கு இதற்கென்று ஒரு டீம் இருக்கும். தனியாளுக்கு இது சாய்ஸே இல்லை. ஒரு ஸ்டார், அதுவும் ஜீரோ போட முடியாது என்பதால்.

எதிர்த்துப் பார்த்தவர்கள் கதையும் தெரிந்ததுதான். சென்னையில் இருக்கும் மேட்ரிமோனி.காம் உட்படப் பல கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது போட்டி ஆணையம் பார்க்கவேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளுபடி ஆயின, 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தோற்றது, பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. விதிக்கு இணங்கவில்லை என்று மார்ச் 1-ஆம் தேதி பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், குக்கு எஃப்எம் எல்லாம் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. கோடிக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் ஆப்கள். அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேச்சு நடத்தி, சில நாளில் திரும்பி வந்தன. இந்தியாவில் 15-க்கு மேல் கமிஷன் கட்டும் டெவலப்பர்கள் 60 பேர்கூட இல்லை என்று கூகுள் அப்போது சொன்னது. இருக்கட்டும். எனக்கு அந்த வாரத்தில் உறைத்தது வேறு: அவர்களுக்காக மத்திய அமைச்சர் பேசினார், நம் ஆப்பைத் தூக்கினால் நமக்காகப் பேச ஆட்டோ-ரிப்ளைதான் இருக்கிறது.

இதே நாலு சதவீத விளையாட்டை உலகம் முழுக்க ஆடியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2021 ஆகஸ்டில் தென் கொரியா முதல் நாடாகச் சட்டமே போட்டது, ஸ்டோர்கள் தங்கள் பில்லிங்கையே கட்டாயப்படுத்தக் கூடாது என்று. கூகுள் அங்கே 4 குறைத்தது, ஆப்பிள் 26 என்றது. நெதர்லாந்தில் டேட்டிங் ஆப்களுக்கு மட்டும் வெளிக் கட்டணத்தை அனுமதிக்கச் சொன்னபோது ஆப்பிள் வாரம் 50 லட்சம் யூரோ என்று மொத்தம் 5 கோடி யூரோ அபராதம் வாங்கும் வரை இழுத்தது, அங்கே கேட்ட கமிஷன் 27. அமெரிக்காவில் 2024 ஜனவரியில், உன் வெப்சைட்டுக்கு வெளி லிங்க் வைத்துக்கொள் ஆனால் அதில் நடக்கும் விற்பனைக்கும் 27 கொடு, லிங்கைத் தொட்டால் ஒரு பயமுறுத்தும் எச்சரிக்கைத் திரையும் வரும் என்றார்கள். கேட்வே செலவையும் சேர்த்தால் பழைய 30-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ போய் நிற்கும், யார் போவார்கள்?

எபிக் வழக்கை விசாரித்த நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸுக்கு அது புரிந்தது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆப்பிள் நீதிமன்ற உத்தரவை மீறியது என்று தீர்ப்பளித்து, வெளி லிங்க் விற்பனைக்குக் கமிஷன் எடுக்கக் கூடாது என்றார். ஆப்பிளுக்குள்ளேயே ஆப் ஸ்டோர் பொறுப்பில் இருந்த ஃபில் ஷில்லர் இந்தக் கமிஷன் வேண்டாம் என்று சொன்னதும், டிம் குக் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அடுத்த மாதமே அமெரிக்க ஐபோன்களில் கிண்டில் ஆப்புக்குள் புத்தகம் வாங்க ஒரு பட்டன் வந்தது. அதற்கு முன்னால் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். உலகத்தின் பெரிய புத்தகக் கடை, புத்தகம் திரையில் தெரிகிறது, வாங்கத்தான் வழி இல்லை, எங்கே போய் வாங்கவேண்டும் என்று ஒரு வரி எழுதவும் பல வருஷம் அனுமதி இல்லை.

என் பெரிய புகாரே இந்த வாய்ப்பூட்டுதான். 15 சதவீதத்தை நான் ஜீரணித்துவிடுவேன். மண்டியில் வெங்காயம் போடுகிற விவசாயிகூட கமிஷன் கொடுத்தபின் வாங்கின ஆள் யார் என்று பார்க்க முடியும், அடுத்த தடவை நேரே வாங்க என்று அவரிடம் சொல்லவும் முடியும். ஆப்பிளில் உங்கள் சந்தாதாரரின் மெயில் முகவரி உங்களுக்கு வராது, ரீஃபண்ட் கொடுக்க நீங்களே நினைத்தாலும் பட்டன் கிடையாது, அவர்தான் ஆப்பிளிடம் போய்க் கேட்கவேண்டும், தருவதா இல்லையா என்பதையும் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். ஆனால் ஒரு ஸ்டார் ரிவ்யூ மட்டும் உங்கள் பெயரில் விழும். இந்த விஷயத்தில் கூகுள் பரவாயில்லை, டெவலப்பர்களுக்கான ப்ளே கன்சோல் பக்கத்திலிருந்து நாமே பணத்தைத் திருப்பலாம். விலை விஷயமும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் ட்விட்டர் ப்ளூ இந்தியாவுக்கு வந்தபோது வெப்பில் 650 ரூபாய், போன் ஆப்பில் 900. அந்தக் கம்பெனியின் பெயருக்கு ஆட்கள் தாங்களே வெப்பைத் தேடிப் போவார்கள். உங்கள் பஞ்சாங்க ஆப்புக்கோ உடற்பயிற்சி ஆப்புக்கோ வெப்சைட் இருக்கிறது என்று எவருக்குத் தெரியும்?

ஐரோப்பா பற்றி அதிகம் எழுதினால் தூக்கம் வரும். 2024 மார்ச்சில் பெரிய டெக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்ஏ சட்டம் அமலானது, ஆப்பிள் புதிய நிபந்தனைகள் போட்டது, அதில் 10 லட்சம் இன்ஸ்டாலுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு அரை யூரோ என்று ஒரு கட்டணம். இலவச ஆப் ஒன்று திடீரென்று ஓடிவிட்டால் வீட்டை விற்கவேண்டியதுதான் என்று கத்தியபிறகு சின்னவர்களுக்கு விலக்குகள் கொடுத்தார்கள். வெளியே போகும் வழியைக் காட்டவிடாமல் தடுத்ததற்காக 2025 ஏப்ரலில் 50 கோடி யூரோ அபராதம். ஜப்பானின் இதே மாதிரியான சட்டம் 2025 டிசம்பரில் முழுசாக அமலுக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து இப்போது நாட்டுக்கு ஒரு விதி, நாட்டுக்கு ஒரு சதவீதம், நாட்டுக்கு ஒரு படிவம். ஒவ்வொரு வெற்றியும் வக்கீல் வைத்திருக்கும் கம்பெனிக்குத்தான் முதலில் பயன்படுகிறது. தனியாள் ஒரே ஆப்பை ஆறு விதமாகப் பராமரிக்கவா முடியும்?

சரி, நடைமுறைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கூகுளில் அவர்கள் பில்லிங்கையே போடுங்கள், யூசர் சாய்ஸ் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம், அந்த ஒன்றரை ரூபாய் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஈடாகாது. இரண்டு கடையிலும் 15 சதவீதத் திட்டத்தில் நீங்களே பதிந்துகொள்ளவேண்டும், தானாக வராது. ஐபோனில் இந்தியச் சந்தாவை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்: ரிசர்வ் வங்கியின் ஆட்டோ-டெபிட் விதிகளுக்குப் பிறகு 2022-ல் ஆப்பிள் இங்கே கார்டு வாங்குவதை நிறுத்தியது, யுபிஐ, நெட்பேங்கிங், கணக்கில் இருக்கும் இருப்பு என்று ஆனது. அமெரிக்க ஐபோன் ஆட்கள் அதிகமாக இருந்தால் வெளி லிங்க் வைத்துப் பார்க்கலாம், வழக்கு இன்னும் அடங்கவில்லை என்பதால் இன்-ஆப் பர்ச்சேஸைக் கழற்றிவிடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். அப்புறம், ஆப்பிள் ரீஃபண்ட் கேட்டு மெயில் வரும்போது அனுப்ப ஒரு பதிலை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள், அவர்களின் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கத்து லிங்க்கை முதல் வரியிலேயே போட்டு.