வலிக்கு லேசர்: எங்கே எடுபடும், எங்கே வேறு வழி மேல்?

“தம்பி, அந்த லேசர வச்சு விட்டா முட்டி வலி போயிடுமா?” சிங்கப்பூரில் இயன்முறை சிகிச்சை பார்க்கும் என்னிடம் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லேசரோடு அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை), டென்ஸ் (தோலில் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்துவது), ஷாக்வேவ் (அதிர்வலை) என்று கருவிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் காசு. எது உசத்தி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வலிக்குக் காட்டும் லேசர், வெட்டுகிற, சுடுகிற லேசர் இல்லை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள்மேல் ரூபி லேசரைக் காட்டினார். காட்டிய இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. அதற்கப்புறம் புண் ஆறுவதிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். இன்று பயன்படுவது பெரும்பாலும் 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிவப்பு, அகச்சிவப்பு ஒளி. உயிரணுக்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, வீக்கம் தணிகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

கழுத்து வலியில் லேசருக்கு நல்ல பெயர் உண்டு. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, 820 பேர் பங்கேற்ற 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்கு, சிகிச்சை முடிந்து 22 வாரம் வரைகூட வலி குறைவாக இருந்தது. டென்ஸ் அப்படியில்லை: மாட்டியிருக்கும் வரை இதம், கழற்றிய கொஞ்ச நேரத்தில் வலி திரும்பிவிடும். அல்ட்ராசவுண்ட் இதமாக இருக்கும், அதற்குமேல் பெரிய ஆதாரம் கிடையாது. கழுத்துக்கு இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் லேசரைத்தான் சொல்வேன்.

முழங்கை வெளிப்பக்க வலி, அதாவது டென்னிஸ் எல்போ, கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் தம்பிகளுக்கு நிறைய வருகிறது. அவர்களுக்கு அவசரம், ஊசி போட்டு மறுநாளே வேலைக்குப் போகப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களில் பிரமாதமாகக் கேட்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேலான நிலையில் இருந்தார்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லேசர் அவ்வளவு வேகம் காட்டாது. 904 நானோமீட்டர் ஒளியை நேராகத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மேலேயே வைத்தால் பலன் இருக்கிறது; அக்குபங்சர் புள்ளிகளில் வைத்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஊசியைவிட லேசரும் படிப்படியாகப் பளு தூக்கும் பயிற்சியும் சேர்ந்த வழிதான் எனக்குப் பிடிக்கும்.

குதிகால் வலியில் நிலைமை வேறு. இங்கே தேக்கா வட்டாரக் கடைகளில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவர்களுக்குத் தெரியும், காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றும்போது அந்த முதல் அடி எப்படிக் குத்தும் என்று. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் நல்ல செருப்பும் சில மாதங்களில் கைகொடுக்காவிட்டால் ஷாக்வேவுக்குப் போகலாம். வலிக்கும்தான், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் நாள்பட்ட குதிகால் வலிக்கு லேசரைவிட அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

முட்டித் தேய்மானத்தில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சரியான அளவில் கொடுத்தால் லேசர் வலியைக் குறைக்கிறது என்று 22 சோதனைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று சொன்னது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்போ 2022இல் தேய்மானத்துக்கு டென்ஸ், அல்ட்ராசவுண்ட், லேசர் எதையும் கொடுக்க வேண்டாம், ஆதாரம் போதவில்லை என்று எழுதிவிட்டது. இருவருமே ஒத்துக்கொள்ளும் மருந்து ஒன்றுதான்: தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. லேசரால் வலி கொஞ்சம் இறங்கினால், அந்த இடைவெளியில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். லேசருக்கு மட்டும் வந்துவிட்டு, பயிற்சி வேண்டாமென்று கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது. இடுப்பு வலிக்கும் இதே கதைதான். அங்கே லேசருக்கான ஆதாரம் இன்னும் மெலிசு. நடங்கள்.

ஒரு லேசருக்கும் இன்னொரு லேசருக்கும் இடையிலேயே பெரிய வித்தியாசம் உண்டு. ஒளியின் ஆற்றலை ஜூலில் அளக்கிறோம்; தசைநாணுக்கு ஒரு புள்ளிக்கு 4 ஜூல் தேவை என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிவாட் கருவிக்கு 40 விநாடி போதும். இணையத்தில் விற்கும் 5 மில்லிவாட் பேனா வகைக்கு அதே புள்ளியில் 800 விநாடி, அதாவது 13 நிமிடத்துக்கும் மேல் பிடிக்க வேண்டும். ஐந்து புள்ளி என்றால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். யார் பிடிப்பார்கள்? அளவு குறைந்தால் பலன் இல்லை, மிஞ்சினாலும் பலன் இறங்கும். அதனால் “ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல், எத்தனை புள்ளி?” என்று தயங்காமல் கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

500 மில்லிவாட்டுக்கு மேலே போனால் அது லேசர் பாதுகாப்புத் தரவரிசையில் நான்காம் வகுப்பு. சீக்கிரம் முடியும், சூடும் தெரியும். நம் தோலுக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும்: மெலனின் ஒளியைப் பிடித்துக்கொள்வதால் கறுத்த தோல் வேகமாகச் சூடேறும். கருவியின் தலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சுட்டால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். பச்சை குத்திய இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எந்த வகுப்பானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மேலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் காட்டக் கூடாது.

நீரிழிவுக் கால்புண்ணுக்கு லேசர் என்று சிலர் கேட்கிறார்கள். சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் புண்மேல் பாரம் விழாமல் பார்ப்பது, சர்க்கரையையும் ரத்த ஓட்டத்தையும் கவனிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவற்றுக்கு அது மாற்று இல்லை. காலில் புண் கண்டால் லேசரைத் தேடி அலையாமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) உடனே போங்கள்.

வலி சிகிச்சை நிலையங்கள் அதிகம் பேசாத ஓர் இடத்தில்தான் லேசருக்கு மிக உறுதியான ஆதாரம் இருக்கிறது: புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறுபவர்களுக்கு வாய் வெந்து, கஞ்சி குடிக்கக்கூட முடியாமல் போகும். அதைத் தடுக்க லேசரைப் பன்னாட்டு வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. புண் வந்த பிறகு தேடினால் பாதிப் பலன் போய்விடும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை தொடங்கப் போகிறதென்றால், முதல் கதிரியக்க நாளுக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.