தோஸ்த்தா, பொலிரோ பிக்அப்பா: பழைய வண்டியை வாங்கி மெல்ல மெல்ல நம் வண்டியாக்க எது தோது?

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு பழைய பிக்அப் எடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், அப்புறம் தூக்கம் எங்கே வரும். தேடியதில் கடைசியாக இரண்டு வண்டி தேறியது. இரண்டும் 2016 மாடல், பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முந்தியவை. ஒன்று டி.என். 23 பதிவில் மஹிந்திரா பொலிரோ பிக்அப், இன்னொன்று டி.என். 73 பதிவில் அசோக் லேலண்ட் தோஸ்த். விலையில் பதினைந்தாயிரம்தான் வித்தியாசம். நான் பொலிரோவை எடுத்தேன். நான் விட்ட தோஸ்தை அதே வாரம் என் மச்சான் எடுத்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இரண்டையும் ஓட்டுகிறோம், இரண்டிலும் கையைக் கறுப்பாக்கியிருக்கிறோம். நான் பொலிரோ பக்கம்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மச்சான் எழுதினால் வேறு மாதிரி எழுதுவார்.

எங்கள் வேலை என்னவென்று தெரிந்தால்தான் கணக்கு புரியும். அணைக்கட்டுப் பக்கம் நிலம். இலவம்பாடி முள் கத்திரிக்காய்தான் முக்கியமான லோடு (2023ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்). விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டை ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட். மாசி, பங்குனியில் ஒடுகத்தூர் வழியாக மலை மேல் இருக்கும் பீஞ்சமந்தை ஏறி புளியும் சாமையும் இறக்குவோம். எப்போதாவது செவ்வாய்க்கிழமை யாராவது பொய்கை சந்தைக்கு மாடு ஏற்றச் சொல்வார்கள். சமதளம், சந்து, மலை என்று மூன்றும் உண்டு.

குட்டி யானையை, அதாவது டாடா ஏஸைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஊருக்குள் தண்ணீர் கேன் போட அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் பழைய ஏஸில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர். புளி மூட்டையோடு அதை மலையில் ஏற்றி இறக்குவது அந்த வண்டிக்குச் செய்யும் பாவம். ஸ்ரீசிட்டியில் செய்யும் இசுசு டி-மேக்ஸ் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், அதன் விலையும் உதிரிபாகமும் என் கைக்கு எட்டாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி இவை இரண்டும். பொலிரோவுக்கு 2523 சிசி, நாலு சிலிண்டர். தோஸ்துக்கு 1478 சிசி, மூன்று சிலிண்டர். டீசல் குடிப்பதில் தோஸ்த் கெட்டிக்காரன். அரை லோடோடு ஆற்காடு வரை போய் வந்தால் அது லிட்டருக்கு 16 கொடுக்கும் இடத்தில் என்னுடையது 12, நல்ல மனநிலையில் இருந்தால் 13. லாங்கு பஜாரில் ரிவர்ஸ் எடுக்கும்போது தோஸ்த் ஓட்டுகிறவர் விசிலடித்துக்கொண்டே திருப்புவார், நான் வெங்காய வண்டிக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டே திருப்புவேன். எல்.எஸ். மாடல் என்பதால் மச்சான் வண்டியில் பவர் ஸ்டியரிங்கும் உண்டு. முன்னால் மூக்கு நீளம் இல்லாததால் பாதை நன்றாகத் தெரியும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டி, வாங்கியபடியே வைத்திருந்து, அப்படியே விற்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு தோஸ்தை வாங்கலாம். தப்பே இல்லை.

ஆனால் பழைய வண்டி வாங்குகிற நம்மில் எத்தனை பேர் வாங்கியபடியே வைத்திருக்கிறோம்? இந்த மாசம் டயர், அறுவடை முடிந்தால் பாடிக்குத் தகடு, தீபாவளிக்கு சீட்டு, அப்புறம் பாட்டுப்பெட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தானே செய்கிறோம். அங்கேதான் ஒரே ஒரு விஷயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

லேலண்ட் 2011ல் நிசானோடு கூட்டு சேர்ந்து தோஸ்தைக் கொண்டுவந்தபோது, நிசானின் பழைய வேன் ஒன்றின் அமைப்பை வைத்துத்தான் செய்தார்கள். அதனால் எஞ்சின் சீட்டுக்கு அடியில். பொலிரோவுக்கு முன்னால் பானெட்டுக்குள். கடையில் பார்க்கும்போது இது ஒரு பெரிய சங்கதியாகவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை, நான் பொலிரோ எடுத்ததற்குக் காரணம் மலை ஏறும் தெம்பு மட்டும்தான். ஆறு மாசம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது.

மச்சான் ஆசைக்காரர். வாங்கிய இரண்டாம் மாசமே கேபினை வீடு மாதிரி ஆக்கிவிட்டார். சிவப்பு ரெக்ஸின் சீட்டு, நடுவில் உட்கார ஒரு பலகை, அதன் மேல் பஞ்சு, சீட்டின் காலடியில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த பிளைவுட் பெட்டி, கீழே சத்தம் வராமலிருக்க ஒட்டிய ரப்பர் மேட். பார்க்க அவ்வளவு அழகு. பங்குனி கடைசியில் ஒருநாள் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற உதவும் பெல்ட்டு போய்விட்டது. இரண்டு பேரும் இறங்கினோம். சீட்டைத் தூக்கினால்தான் பெல்ட்டுக்குக் கை போகும். சீட்டைத் தூக்கப் பலகையை எடுக்க வேண்டும், பலகையை எடுக்க ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்ற வேண்டும், பெட்டிக்கு எட்டு திருகு, அதில் இரண்டு துருப்பிடித்தது. வெயில் மண்டையைப் பிளக்க, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மச்சான் திருகாணியோடு மல்லுக்கு நின்றார். பெல்ட்டு மாட்டியது பத்து நிமிஷம். கேபினைக் கழற்றியதும் திரும்பக் கோத்ததும் ஒன்றேகால் மணி நேரம். பின்னால் கத்திரிக்காய் வாடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆயில் லெவல் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். கூலன்ட் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். அலங்காரத்தைக் கலைக்க மனசு வராது. பழைய வண்டிக்கு நாம் செய்யும் பெரிய வைத்தியமே வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான், அதைச் செய்ய அரைமணி நேர வேலை இருக்கிறது என்றால் யார் செய்வார்கள். தோஸ்த்தில் அழகும் பராமரிப்பும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன. என் வண்டியில் காலையில் பல் துலக்கிக்கொண்டே பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிடுவேன், கேபினுக்குள் நான் என்ன வைத்தாலும் எஞ்சினுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சூடும் இருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயில் நாளில் தோஸ்த் சீட்டில் மதியம் உட்கார்ந்தால் மேலே சூரியன், கீழே எஞ்சின். ரெக்ஸின் போட்டால் இன்னும் மோசம். மச்சான் இப்போது அதன் மேல் கயிற்று விரிப்பு போட்டுக்கொள்கிறார், சிவப்பு ரெக்ஸின் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, என் வண்டியில் நான் என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் வெளியே தெரியாத வேலை. நாலு டயரில் பின்னால் இரண்டு புதுசு, பிரேக் லைனிங், வீல் பேரிங் கழற்றி கிரீஸ், பாரம் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டையின் புஷ். அக்கம்பக்கத்தில் யாரும் ‘வண்டியில என்ன பண்ணினே’ என்று கேட்காத செலவு இது.

அடுத்து பட்டை. மலைக்குப் போகிறோமே என்று பின்பக்கம் ஒரு பட்டை கூட்டச் சொன்னேன். பட்டை வேலை செய்யும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘லோடு இருக்கும்போது சுகமா இருக்கும், காலியா வரும்போது முதுகெலும்பை எண்ணிக்கலாம், யோசிச்சுக்கோங்க’ என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை: சில பிக்அப்களில் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று ஒரு வால்வு தீர்மானிக்கும். பட்டையைக் கூட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், மூட்டை இருந்தும் வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும். இறக்கத்தில் பின் பிரேக் குறைந்தால் என்ன ஆகும் என்று நானே யோசித்துக்கொண்டேன். பட்டை கூட்டவில்லை, தளர்ந்த பட்டைகளை அடித்து வளைவு எடுத்து, சென்டர் போல்ட்டும் யு போல்ட்டும் புதுசு போட்டதோடு சரி. பட்டை எத்தனை கூட்டினாலும் ஆர்.சி.யில் இருக்கும் எடை கூடப் போவதில்லை, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் இருபதாயிரத்தில்தான் ஆரம்பம்.

மூன்றாவது, மூட்டை ஏற்றும் தொட்டியின் தரை. பழைய தகடு மாட்டு மூத்திரத்திலும் மழையிலும் அரித்துப் போயிருந்தது. அதன் மேலேயே புதுத் தகடு அடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், நடுவில் தண்ணீர் நின்று கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வெட்டி எடுத்து, சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்து, புள்ளித்தகடு வைத்தேன். தார்ப்பாய்க்குக் கழற்றி மாட்டும் வளைவு நாலு. இந்த வேலையில் இரண்டு வண்டிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

விளக்கில்தான் நான் சூடுபட்டேன். பீஞ்சமந்தை பாதைக்கு இருக்கிற வெளிச்சம் பத்தவில்லை என்று ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 100 வாட் பல்பு போட்டேன். வண்டியோடு வருவது 60/55 வாட். ரிலே (ஸ்டியரிங் சுவிட்ச் வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் விடும் சின்னப் பெட்டி) வேண்டாமா என்று கேட்டதற்குத் தேவையில்லை என்றார்கள், நானும் முந்நூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம், ராத்திரி எட்டரை மணி, புளி லோடோடு இறங்கும்போது ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ரப்பர் கருகும் வாசனை. அடுத்த வளைவில் இரண்டு விளக்கும் போய்விட்டது. கை வியர்த்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து பல்பு ஹோல்டரைத் தொட்டால் பிளாஸ்டிக் பாகு மாதிரி இழுத்தது. ஸ்டியரிங் சுவிட்சும் உருகியிருந்தது. பின்னால் பைக்கில் வந்த ஒருவர் முன்னால் விளக்குக் காட்டிக்கொண்டே போக, நான் ஒடுகத்தூர் வரை இரண்டாம் கியரிலேயே வந்தேன். இப்போது பழைய வாட் பல்புதான், ஆனால் பேட்டரியிலிருந்து நேராக ரிலே வைத்துத் தடிமனான ஒயர். அதே பல்பு இப்போது நன்றாக எரிகிறது. வெளிச்சம் இத்தனை நாள் ஒயரில்தான் தொலைந்துகொண்டிருந்தது. பானெட்டுக்குள் ரிலே வைக்க இடமும் தாராளம். தோஸ்த்திலும் வைக்கலாம், கொஞ்சம் தேட வேண்டும்.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். முன்னால் கம்பி பம்பர் வைக்கவில்லை, 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை செய்துவிட்டது. ஏர் ஹாரன் கிடையாது. நிறத்தை மாற்றவில்லை, மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வருஷா வருஷம். அதனால் எனக்கு ஒரே அளவுகோல்: எஃப்.சி.க்கு முந்தைய நாள் எதையாவது கழற்ற வேண்டியிருக்குமா? ஆமென்றால் வைப்பதில்லை. போன எஃப்.சி.க்கு நான் செய்த ஒரே வேலை மங்கிப்போன ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை மாற்றியது. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதில் நான் அடக்கித்தான் பேச வேண்டும், இன்னும் விற்கவில்லை. இரண்டு பேர் வந்து என் பொலிரோவைக் கேட்டார்கள், இரண்டு பேரும் வாங்கிய விலைக்குப் பக்கத்தில்தான் கேட்டார்கள். மச்சான் வண்டியைப் பார்க்க வந்தவர் சிவப்பு சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘இதைத் தூக்கிக் காட்டுங்க’ என்றார். மூன்று பேரை வைத்து ஊர் நிலவரம் சொல்ல முடியாது. பாட்டுப்பெட்டிக்கு யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். பி.எஸ்.6 வண்டிகளை நான் ஓட்டியது மொத்தம் இரண்டு நாள், அதனால் புது மாடல் வாங்குகிறவர்கள் என் பேச்சைப் பாதி கழித்துக் கேளுங்கள்.

டீசல் கணக்கை மட்டும் மச்சான் அடிக்கடி குத்திக்காட்டுவார். மாசம் அவருக்கு மிச்சமாவது எனக்கும் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் போன மாசம் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், பிளைவுட் பெட்டியைக் காணோம். ஸ்பீக்கர் இரண்டும் கூரைக்குப் போய்விட்டன, நடுப்பலகைக்குக் கதவுக் கீல் இரண்டு போட்டிருக்கிறார். ஒரு கையால் தூக்கிக் காட்டி, ‘பாருங்க மாமா, பத்து செகண்டு’ என்றார். தூக்கினார், பத்து செகண்டுதான் ஆனது. கூலன்ட் அரை டப்பாதான் இருந்தது.