பிஷருக்குக் களிம்பா, அறுவையா?

சென்ற ஆண்டு எனக்கு வந்த ஆசனவாய் வெடிப்பு (பிஷர்) நான்காவது மாதத்தைத் தொட்டபோது, மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, 2 சதவீத டில்டியாசெம் களிம்பை எட்டு வாரம் தவறாமல் தடவுவது. மற்றொன்று, ஆசனவாயின் உள் சுருக்குத்தசையில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்தும் சிறிய அறுவை. நான் களிம்பைத் தேர்ந்தெடுத்தேன், இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே. அறுவை எனக்கு நடக்கவில்லை என்பதால், அதைப் பற்றி எழுதுவது படித்தும் கேட்டும் அறிந்தது.

நம் ஊரில் மலத்தோடு இரத்தம் வந்தாலே மூலம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் மருந்துக்கடையில் மூல மாத்திரை வாங்கி விழுங்கி ஆறு வாரத்தை வீணாக்கினேன். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தம் சொட்டும். வெடிப்பில் வலிதான் முதலில் நிற்கும்: மலம் இறங்கும்போது கண்ணாடிச் சில்லு கீறுவது போலிருக்கும், பின்பு எரிச்சலாக மாறி மணிக்கணக்கில் விடாது. காலை ஏழு மணிக்குக் கழிவறை சென்று வந்தால், பத்து மணி வகுப்பிலும் நாற்காலியின் ஓரத்தில் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலத்தின் மேல் ஒரு கோடாகவோ சில துளிகளாகவோ தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆறாத வெடிப்பை நாள்பட்டது என்பார்கள்; அதன் வெளி முனையில் சிறு தோல்மடிப்பு வளர்ந்துவிடுவதும் உண்டு, அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலரும் மூலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வெடிப்பு ஏன் ஆறுவதில்லை என்று தெரிந்தால், இரண்டு சிகிச்சைகளும் ஒரே இடத்தைத்தான் குறிவைக்கின்றன என்பது புரியும். இறுகிய மலம் தோலைக் கிழிக்கிறது. வலியால் உள் சுருக்குத்தசை இறுகுகிறது. இறுகிய தசை அந்த இடத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. இரத்தம் குறைந்த புண் ஆறாமல் மறுநாள் மீண்டும் கிழிகிறது. பெரும்பாலான வெடிப்புகள் பின்பக்க நடுக்கோட்டில் வருவதற்கும், அங்கே இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவாக இருப்பது ஒரு காரணம். ஆகவே தசையைத் தளர்த்துவதே சிகிச்சை. களிம்பு அதைத் தற்காலிகமாகச் செய்கிறது, கத்தி நிரந்தரமாகச் செய்கிறது.

குணமாகும் விகிதத்தில் அறுவையே மேல், அதில் சந்தேகமில்லை. பக்கவாட்டு அறுவைக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புண் ஆறிவிடுகிறது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். களிம்பில் அந்த உறுதி இல்லை. ஆறாமல் போகிறவர்களும், ஆறியபின் மீண்டும் வருகிறவர்களும் கணிசமாக உண்டு. என் சித்தப்பாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அறுவை நடந்தது. அடுத்த வாரமே வலி போய்விட்டது, இன்றுவரை எந்தக் குறையும் இல்லை என்கிறார். செலவு, விடுப்பு, மயக்க மருந்து இவையெல்லாம் அவரவர் வசதியைப் பொறுத்தவை, எனக்கு அவை தடையாக இல்லை.

என்னைத் தடுத்தது ஒன்றுதான்: வெட்டிய தசை திரும்ப வராது. உள் சுருக்குத்தசை நம் எண்ணத்துக்குக் கட்டுப்படாமல் இரவும் பகலும் ஆசனவாயை மூடிவைத்திருப்பது. அதில் ஒரு பகுதி போனபின் சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகிறது, இன்னும் குறைவானவர்களுக்கு உள்ளாடையில் கசிவு ஏற்படுகிறது. பலருக்கு இது சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. இந்த அறுவையின் வரலாறே இந்தக் கவலையோடுதான் நகர்ந்திருக்கிறது. 1951-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஐசன்ஹாமர் உள் சுருக்குத்தசையை வெட்டும் முறையை விவரித்தார். பின்பக்க நடுக்கோட்டில் வெட்டியவர்களுக்குச் சாவித்துளை போன்ற பள்ளம் விழுந்து கசிவு வந்ததால், வெட்டும் இடம் பிற்பாடு பக்கவாட்டுக்கு மாறியது. இன்று வெடிப்பின் உயரம் அளவுக்கு மட்டுமே வெட்டுகிற வழக்கமும் இருக்கிறது.

எனக்கு இரண்டும் சுகப்பிரசவம், முதல் பிரசவத்தில் ஆழமான தையலும் போட்டார்கள். அப்போது என் சுருக்குத்தசைகள் எந்த அளவு சேதப்பட்டிருக்கின்றன என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. நாற்பது வயதில் குறையாகத் தெரியாத இழப்பு, மாதவிடாய் நின்று தசைகள் தளரும் அறுபதில் குறையாகலாம். பிரசவித்த பெண்கள் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதை மருத்துவரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். களிம்பு பலிக்காவிட்டால் இழப்பது எட்டு வாரம் மட்டுமே. நிறுத்தியதும் தசை பழைய வலிமைக்குத் திரும்பிவிடும்.

அந்த எட்டு வாரத்துக்கு ஒழுங்கு வேண்டும். காலையும் இரவும் பட்டாணி அளவு களிம்பை விரலுறை மாட்டிய விரலில் எடுத்து, ஆசனவாயின் விளிம்பிலும் சற்றே உள்ளேயும் தடவினேன். மலம் கழித்தவுடன், முழங்கையால் சூடு பார்த்த வெதுவெதுப்பான நீரை அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். இறுக்கம் மெல்ல விடுவதை அந்த நீரில்தான் உணர முடிந்தது. மூன்றாம் வாரம் வலி பாதியானது, அந்த வாரத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். வலி போவதும் புண் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. எனக்குச் சிறிது அரிப்பு மட்டுமே வந்தது. நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் தலைவலி அதிகம். ஆண்மைக்குறைவு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி களிம்புக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட வழி, அதன் வேலை சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் மலம் இளகியிருக்க வேண்டும், அறுவை செய்தவருக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. இரவில் இசப்கோல் இரண்டு கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கிறேன், அதன்மேல் இன்னொரு டம்ளர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா தட்டில் ஏறின, பரோட்டா இறங்கியது. வகுப்புக்கு நடுவே வந்த உந்துதலை அடக்கிவைக்கும் இருபது ஆண்டுப் பழக்கத்தை விடுவதுதான் கடினமாக இருந்தது.

வெடிப்பு பக்கவாட்டில் இருந்தாலோ, காய்ச்சலும் சீழும் சேர்ந்தாலோ, உடல் எடை குறைந்தாலோ, இரத்தம் கருத்தோ மலத்தில் கலந்தோ வந்தாலோ இந்த ஒப்பீடே பொருந்தாது. கிரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), காசநோய், புற்றுநோய் போன்றவை இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

என் புண் ஆறிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன, இது நீண்ட காலம் அல்ல. மீண்டும் வந்தால் இன்னொரு சுற்றுக் களிம்பு தடவுவேன். அதுவும் தவறினால், ஆசனவாய் அல்ட்ராசவுண்டும் அழுத்தப் பரிசோதனையும் செய்து தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகே அறுவைக்குக் கையெழுத்திடுவேன்.