ஓபிடி போர்ட்டில் சொருகும் மைலேஜ் கருவி: வாங்குமுன் இதைப் படியுங்கள்

நெடுஞ்சாலையில் 15 முதல் 35 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்று விற்கப்படும் சொருகு கருவி ஒன்று சோதனைக்காகக் காசு கொடுத்து வாங்கப்பட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் (பழுது கண்டறியும் ஸ்கேனரை மெக்கானிக் மாட்டும் சாக்கெட்) மாட்டி, பட்டனை ஐந்து விநாடி அழுத்தி, 200 கி.மீ. ஓட்ட வேண்டுமாம். அதற்குள் அது நம் ஓட்டும் பழக்கத்தைப் படித்து, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவை மாற்றி எழுதிவிடுமாம். ஒன்றும் எழுதவில்லை. மாட்டியும் கழற்றியும் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிப்போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இன்னும் 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள்" என்று பதில். அதை ஓட்டி முடிப்பதற்குள் 30 நாள் கெடு தாண்டிவிடும். அதற்காகத்தானே அந்த 1,000.

கருவியின் மூடியை நகத்தால் நெம்பினாலே கழன்று வந்துவிடுகிறது. உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு, மூன்று எல்இடி, ஒரு பட்டன், வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர், ஒரு சிப். அவ்வளவுதான். ஓபிடி போர்ட்டின் 16ஆம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் வரும். 4, 5 பின்கள் எர்த். எல்இடி எரிய இவை போதும். ஈசியுவோடு பேச வேண்டுமானால் 6, 14 பின்களில் வரும் கேன் (வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்) கம்பிகளைத் தொட, சிக்னலை அனுப்பி வாங்கும் ஒரு டிரான்சீவர் இருந்தாக வேண்டும். இந்தப் போர்டில் அப்படி ஒன்று கிடையாது. போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, ஒரு பக்கம் கருவியும் மறுபக்கம் அந்தக் கம்பிகளில் ஓடும் செய்திகளைப் பதிவு செய்யும் கேன் லாகரும் மாட்டிப் பார்த்தபோதும் அதே முடிவு. கருவி இல்லாதபோது ஓடிய செய்திகள்தான் கருவி இருந்தபோதும் ஓடின. புதிதாக ஒரு செய்தி எண்கூட (ஐடி) முளைக்கவில்லை. எல்இடி மட்டும் தலைபோகிற வேலை நடப்பதுபோல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. (போர்ட்டுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே செய்திகளை வடிகட்டும் கேட்வே உள்ள புது வண்டிகளில் லாகர் எதையும் காட்டாமல் போகலாம். அங்கே மூடியைத் திறந்து பார்ப்பதே சுலபம்.)

அப்படியானால் மைலேஜ் கூடியது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. விற்பவர் சொல்லித்தரும் சோதனை முறையே அவர்களை ஏமாற்றுகிறது. "போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்பார்கள். காசு கொடுத்து வாங்கி மாட்டியவர் தன்னையறியாமல் மெதுவாக மிதிப்பார். 110இல் போனவர் 100க்கு இறங்கினாலே காற்றுத் தடை சுமார் 17 சதவீதம் குறைந்துவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. போன மாதம் 10 டிகிரி குளிர், இந்த மாதம் 35 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தியே சுமார் 8 சதவீதம் குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலிலிருந்து 10 சதவீதம் கலந்ததற்கு மாறினால் மைலேஜ் 3 சதவீதம் போல இறங்கும். திரும்பி வந்தால் ஏறும். டயர் மாற்றினால் அதுவும் சேரும்: தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். புது டயருக்கும் தேய்ந்து முடிந்ததற்கும் இடையே இது 2 சதவீதம் வரை போகும்.

இதில் பலரும் சறுக்குவது பங்க்கில் நிரப்பும் இடத்தில்தான். 200 கி.மீ. ஓடி 10 லிட்டர் நிரப்பும் வண்டியில், நாசில் அரை லிட்டர் முன்பின் கட்டானால் 5 சதவீதப் பிழை வந்துவிடுகிறது. அந்தச் சோதனையால் 3 சதவீத மிச்சத்தைப் பார்க்கவே முடியாது. 40 லிட்டர் செலவாகும் தூரம் ஓட்டினால் அதே அரை லிட்டர் 1.25 சதவீதமாகச் சுருங்கும். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் திசையும் ஒன்றே, முதல் கிளிக்கோடு நிறுத்தல். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

முறையாகச் சோதிப்பது கருவி இல்லாமல், கருவியோடு, மறுபடி கருவி இல்லாமல் என்ற வரிசையில். மூன்றாவது சுற்றை விட்டுவிட்டால் முதல் இரண்டும் வீண். கழற்றிய பிறகும் மைலேஜ் கீழே இறங்கவில்லை என்றால், கூடியதற்குக் காரணம் கருவி இல்லை. கிளம்புமுன் டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்த்து, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, குரூஸ் கண்ட்ரோலில் ஒரே வேகத்தில் போக வேண்டும். போன வழியிலேயே திரும்பினால் மேடுபள்ளம் கணக்கில் கழிந்துவிடும், காற்றும் பெருமளவு கழியும். ஜன்னல் மூடியிருக்கட்டும், ஏசி எல்லாச் சுற்றிலும் ஒரே நிலையில் இருக்கட்டும். போர்ட்டைத் துணியால் மறைத்து, இன்னொருவரை மாட்டவோ மாட்டாமலிருக்கவோ சொன்னால் இன்னும் நல்லது. ஓட்டுபவருக்கு எந்தச் சுற்று எது என்று தெரியவே கூடாது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஈ லாரிகளுக்கு வகுத்த ஜே1321 சோதனையில் எதுவும் மாற்றாத இன்னொரு வண்டியையும் ஓட்டி இரண்டின் செலவையும் விகிதமாக ஒப்பிடுவார்கள். வானிலைத் தொல்லைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். சென்சார் சிக்னலைத் திரித்து அந்த எண்ணையே ஏமாற்றும் கருவிகளும் உண்டு. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் வோல்டேஜை நகர்த்தும் பெட்டிகள் அந்த ரகம். சொருகு கருவியாவது சும்மா கிடக்கும். இவை கெடுதலே செய்யும். கலவை ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) இருப்பதாக ஈசியு நம்பி எரிபொருளைக் குறைத்துக்கொண்டே போகும், அந்தத் திருத்தத்தின் நீண்டகால அளவான லாங்டேர்ம் டிரிம் மைனஸில் ஆழமாக இறங்கும், கடைசியில் 'கலவை மிக ரிச்' என்று சொல்லும் பி0172 பிழைக் கோடு வந்து நிற்கும். அதற்குள் இன்ஜின் லீனாக (எரிபொருள் குறைவாக) ஓடி, நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் வேலையைப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கோட்டைவிட்டிருக்கும்.

தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும் எச்எச்ஓ கிட்டுக்கு ஒரு வரிக் கணக்கு போதும். இன்ஜின் 30, ஆல்டர்னேட்டர் 60, மின்பகுப்பு 60 சதவீதத் திறன் என்று வைத்தால், 100 பங்கு பெட்ரோல் ஆற்றலில் சுமார் 11 பங்குதான் வாயுவாகும். அதையும் அதே இன்ஜினில் எரித்தால் தேறுவது 3 பங்கு. நேரடியாக எரித்திருந்தால் 30. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை. "முழுமையாக எரியும்" என்கிறார்கள். இன்றைய இன்ஜினில் எரியாமல் வெளியேறுவதே சொற்பம், அதிலிருந்து 30 சதவீத மிச்சம் எங்கிருந்து வரும்?

பணம் செலவழிக்காமல் கிடைப்பவை வேறு. மேலே சும்மா கிடக்கும் ரூஃப் பாக்ஸைக் கழற்றினால், நெடுஞ்சாலை வேகத்தில் 10 சதவீதத்துக்கு மேலேயே மிச்சமாகலாம். டயர் காற்று சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் இழப்பு சுமார் 0.2 சதவீதம், சின்னதுதான், ஆனால் நான்கிலும் 8 பிஎஸ்ஐ குறைவாக ஓடும் வண்டிகள் சாதாரணம். ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியில் அடைத்த ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும்.

சொருகு கருவியை ஏற்கனவே மாட்டியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். 16ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், சாவியை எடுத்த பிறகும் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெட்டி, ரசீது, விளம்பரத்தில் சொன்ன சதவீதத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி, "இன்னும் ஓட்டிப் பாருங்கள்" என்ற பதிலுக்குக் காத்திராமல் கெடுவுக்குள் எழுத்திலேயே பணத்தைக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடமும் அதே நாளில் புகார் பதியுங்கள்.