எஃப்-1 விசாவுக்கு ‘இன்-ஸ்டேட் ஃபீஸ்’ வாங்கித் தருகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் பிள்ளையை அனுப்பத் தயாராகும் பெற்றோரும், ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வாங்கிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் மாணவர்களும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சி எங்கள் அப்பாவிடம் 1,80,000 ரூபாய் வாங்கியது. விண்ணப்பத்துக்கோ விசாவுக்கோ அல்ல. அதற்கெல்லாம் தனியாக ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். இது, “முதல் வருஷம் மட்டும் அவுட்-ஆஃப்-ஸ்டேட் கட்டுங்க சார், ரெண்டாவது வருஷம் தம்பிக்கு இன்-ஸ்டேட் ஃபீஸுக்கு மாத்திக் கொடுத்துடுறோம்” என்று சொல்லி வாங்கிய பணம். என் தம்பி படிப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். அவன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறான். அந்த விசாவில் இருப்பவரை அவர்கள் சொன்ன வழியில் மாற்றவே முடியாது.

விவரம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கட்டணமும் (இன்-ஸ்டேட்), வெளியாட்களுக்கு அதைவிட மிகவும் கூடுதலான கட்டணமும் (அவுட்-ஆஃப்-ஸ்டேட்) வாங்குகின்றன. டெக்சாஸ் சட்டத்தில் குடியிருப்பவருக்கு அடிப்படைக் கட்டணம் ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 50 டாலர். வெளியாட்களுக்கான தொகையை, டெக்சாஸ் தவிர்த்த மற்ற ஐந்து பெரிய மாநிலங்களில் வாங்கும் சராசரியைப் பார்த்து ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார்கள். இதற்கு மேல் பல்கலைக்கழகம் தன் பங்குக்குச் சேர்க்கும் தொகை வேறு. கல்விக் கடன் வாங்கி அனுப்பும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில்தான் இவர்கள் கை வைக்கிறார்கள்.

அப்பாவிடம் அவர்கள் சொன்ன திட்டம் இதுதான். டெக்சாஸில் இறங்கியதும் வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், பேங்க் அக்கவுண்ட், கரண்ட் பில் எல்லாவற்றையும் தம்பி பெயரில் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் கழித்து அதையெல்லாம் வைத்து ரெசிடென்ட் என்று மனுப் போட வேண்டும். நம்பிக்கைக்காக, முன்பு அனுப்பிய ஒரு மாணவியின் ஃபீஸ் பில்லை வாட்ஸ்அப்பில் காட்டினார்கள். அதில் உண்மையாகவே இன்-ஸ்டேட் தொகைதான் இருந்தது. “இதெல்லாம் உள்ளுக்குள்ள நடக்குற வேலை சார், லிமிட்டெட் கோட்டா, சொந்தக்காரங்ககிட்டகூட சொல்லாதீங்க” என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் எனக்கே விஷயம் தெரியாமல் போனது. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று ஒரு கன்சல்டன்சி கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு மாதம் என்பது பொய் அல்ல. டெக்சாஸில் செமஸ்டரின் சென்சஸ் தேதிக்கு (மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முந்தைய பன்னிரண்டு மாதம் அங்கே நிரந்தரக் குடியிருப்பை ஏற்படுத்தி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தப் பாதி உண்மையைத்தான் அவர்கள் விற்கிறார்கள். மறைக்கும் மறுபாதி: நிரந்தரக் குடியிருப்பை ஏற்படுத்த உங்கள் விசாவுக்கு முதலில் தகுதி இருக்க வேண்டும். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்கள், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4, எல்-2 போன்றவற்றுக்கு டெக்சாஸில் அந்தத் தகுதி உண்டு. எஃப்-1க்குக் கிடையாது. ஏனென்றால் எஃப்-1 வாங்கும்போதே, சொந்த நாட்டில் எனக்கு வீடு இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை, படிப்பு முடிந்து திரும்புவேன் என்ற அடிப்படையில்தான் விசா தருகிறார்கள். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு, ஓராண்டில் பல்கலைக்கழகத்திடம் போய் இதுதான் என் நிரந்தர வீடு என்று எழுதிக் கொடுக்க முடியாது. கரண்ட் பில் எத்தனை வைத்திருந்தாலும் அது மாறாது.

விஷயம் வெளியே வந்தது 2025 கோடையில். கன்சல்டன்சி தம்பிக்கு ஒரு கட்டுக் காகிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னது. அதில் என் அப்பார்ட்மென்ட் முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தம் இருந்தது. நான் அவனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டதாக, என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டுத் தயாரித்திருந்தார்கள். கூடவே, நான்தான் அவனுக்குச் சட்டபூர்வக் காப்பாளர் என்று ஒரு நோட்டரி அஃபிடவிட். டெக்சாஸ் சட்டத்தில் பெற்றோரின் குடியிருப்பு பிள்ளைக்கு வரும். நீதிமன்றம் நியமித்த காப்பாளருடையதும் வரலாம். அக்கா குடியிருப்பு தம்பிக்கு வராது. இருபத்திரண்டு வயது ஆளுக்கு நோட்டரி முத்திரை குத்தி யாரும் காப்பாளர் ஆகவும் முடியாது.

இதைவிடப் பயங்கரமானது அந்தக் கட்டின் கடைசியில் இருந்தது. ரெசிடென்சியை, அதாவது குடியிருப்புத் தகுதியை, தீர்மானிக்கப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் கேள்விப் படிவத்தை அவர்களே நிரப்பியிருந்தார்கள். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறி. தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான். “அக்கா, இதுல சிட்டிசன்னு போட்டிருக்காங்க, சைன் பண்ணலாமா?” என்று அவன் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லி மத்திய அல்லது மாநிலச் சட்டப்படியான ஒரு சலுகையைப் பெற முயன்றாலே போதும், குடியேற்றச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி அந்த ஆள் அமெரிக்காவுக்குள் வர வாழ்நாளுக்கும் தகுதியிழக்கலாம். கிரீன் கார்டுக்குப் போகும்போது இதற்கு விலக்கு கிட்டத்தட்டக் கிடையாது. 1996க்குப் பிறகு இந்த விதி இப்படித்தான் இருக்கிறது. கன்சல்டன்சி நிரப்பியது, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவதும் சுலபம் அல்ல. கீழே கையெழுத்து உங்களுடையது. லட்ச ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த ஒரு டிக் விழுந்திருந்தால் என் தம்பியின் எதிர்காலமே போயிருக்கும். அந்த நிறுவனத்தின் மேல் என் கோபம் பணத்துக்காக மட்டும் அல்ல.

தம்பி கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கே பல்கலைக்கழக விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினான். அதுவரை அந்தக் கணக்கு கன்சல்டன்சியின் மின்னஞ்சலில்தான் இருந்தது. பிறகு பல்கலைக்கழகத்தில் ரெசிடென்சி பார்க்கும் அதிகாரிக்கு அவனே எழுதினான். ஒரே பத்தியில் பதில் வந்தது: எஃப்-1 விசாவில் இருப்பவர் குடியிருப்புக்குத் தகுதியுள்ள பிரிவில் வரமாட்டார், ஆவணங்கள் அனுப்ப வேண்டியதில்லை. இந்தப் பதிலுக்குக் காசு எதுவும் கிடையாது. எந்த மாணவரும் சேரும் முன்பே எழுதிக் கேட்கலாம்.

அடுத்து அந்த மாணவியின் பில். அப்பாவின் போனிலிருந்து வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பில் போலி அல்ல. ஆனால் அதில் கட்டணம் குறைந்ததற்குக் காரணமாகப் போட்டிருந்த வரி ‘காம்பெட்டிடிவ் ஸ்காலர்ஷிப் வெய்வர்’. அந்தப் பெண் குடியிருப்பவர் ஆகவே இல்லை. டெக்சாஸில், மற்ற மாணவர்களோடு போட்டியிட்டுப் பல்கலைக்கழகக் குழு தேர்ந்தெடுத்துத் தரும் உதவித்தொகை ஓர் ஆண்டுக்கு 1,000 டாலராவது கிடைத்தால், வெளிநாட்டு மாணவரும் இன்-ஸ்டேட் கட்டணம் கட்டலாம். சட்டத்திலேயே இருக்கும் வழி இது. அந்தப் பெண் தன் மதிப்பெண்ணால் வாங்கியதைத் தங்கள் செல்வாக்கால் வாங்கிக் கொடுத்ததாக இவர்கள் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்பதே சந்தேகம்.

இந்த வழியைத்தான் உங்கள் பிள்ளைகள் தேட வேண்டும். துறையின் உதவித்தொகைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் சேர்க்கைக்கு வெகு முன்பே வந்துவிடும். அதைத் துறை ஒருங்கிணைப்பாளருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். எல்லோருக்கும் கிடைக்காது, ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகையைத் தர முடியாது. கிடைத்தாலும் ஒரு முறைக்குப் பன்னிரண்டு மாதம் வரைதான், அடுத்த ஆண்டு மறுபடி உதவித்தொகை வாங்க வேண்டும். இன்னொரு வழி அசிஸ்டன்ட்ஷிப். படிப்போடு தொடர்புள்ள டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை அரை நேரத்துக்குக் குறையாமல் கிடைத்தால், எத்தனை நாளாக டெக்சாஸில் இருக்கிறீர்கள் என்று கேட்காமல் இன்-ஸ்டேட் கட்டணம். எம்.எஸ். மாணவர்களுக்கு இது குறைவாகவே கிடைக்கும், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள். இவை டெக்சாஸ் விதிகள். கலிபோர்னியா, நியூ ஜெர்சி என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள்.

வெளியே வேலை பார்த்து சம்பளச் சீட்டு காட்டினால் ரெசிடென்சி உறுதியாகும் என்றும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அனுமதியில்லாமல் வெளியே பார்த்தால் விசா நிலையே போய்விடும். சலுகைக்கு ஆதாரம் என்று அவர்கள் கேட்ட காகிதமே அவனை நாடு கடத்தப் போதுமானது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதிலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை இப்போது பலரிடமும் சொல்கிறார்கள். “நாங்க என்ன பண்றது சார், 2025 ஜூன்ல கோர்ட் ஆர்டர் வந்து ரூல் மாறிடுச்சு” என்றார்கள். அந்த உத்தரவு உண்மைதான். ஆனால் அது 2001இல் டெக்சாஸ் கொண்டுவந்த வேறொரு சட்டத்தைப் பற்றியது. டெக்சாஸில் 36 மாதம் வசித்து அங்கேயே பள்ளி முடித்தவர்களுக்கு, குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், இன்-ஸ்டேட் கட்டணம் தந்த சட்டம் அது. ஆவணம் இல்லாதவர்களுக்கு அது செல்லாது என்றுதான் தீர்ப்பு. கோயம்புத்தூரில் பி.இ. முடித்து முறையான விசாவில் வந்த பையனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜூனுக்கு முன்பும் அவனுக்கு வழி இல்லை.

இதில் அதிகம் அடிபட்டது அப்பாதான். கன்சல்டன்சி கொடுத்த செலவுக் கணக்கில் இரண்டாம் ஆண்டுக்கு இன்-ஸ்டேட் தொகையைப் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்தார். இப்போது பற்றாக்குறைக்கு நான் பணம் அனுப்புகிறேன். ஐ-20இல் போட்டிருக்கும் ஆண்டுச் செலவைத்தான் முழுப் படிப்புக்கும் கணக்கு வையுங்கள். அதில் குறைந்தால் லாபம் என்று இருங்கள்.

அப்பா நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். முதலில் வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. எங்களுக்குச் சிக்கலாக இருப்பது ரசீது: அதில் ‘டாக்குமென்டேஷன் சார்ஜஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், இன்-ஸ்டேட் என்ற சொல்லே இல்லை. வாட்ஸ்அப் உரையாடல்களும் அந்தச் செலவுக் கணக்கும்தான் கைகொடுக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியிருந்தால் எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள், தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அமெரிக்காவில் இருக்கும் மாணவர்கள் இன்றைக்கே உங்கள் விண்ணப்பக் கணக்கில் நுழைந்து, ரெசிடென்சி கேள்விகளுக்கு உங்கள் பெயரில் என்ன பதில் போயிருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால், திருத்துவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள். கன்சல்டன்சியிடம் மட்டும் கேட்காதீர்கள்.